நாப்பிழையும் வரலாற்றுக் காரணமும்: ஷபோவ்ஸ்கியின் செய்தியாளர் சந்திப்பை (9.11.1989) முன்வைத்து

முன்னுரை

புகழ்பெற்றோர் பொதுமேடையில் வாய்தவறிக் கூறிய சொற்களுக்கு வரலாற்று நூல்களில் இருவகை இடம் கிடைத்து வந்துள்ளது. ஒன்று, அடிக்குறிப்பில் அமரும் சுவையான துணுக்கு என்னும் இடம். மற்றொன்று, ஆட்சிகளையே கவிழ்த்த தற்செயல் என்னும் இடம். முன்னது நாப்பிழையைக் குறைத்து மதிப்பிடுகிறது. பின்னது அளவுக்கு மீறி உயர்த்துகிறது. பெர்லின் சுவர் ஓர் அதிகாரியின் நாப்பிழையால் வீழ்ந்தது என்னும் பரவலான கூற்று இரண்டாம் வகையைச் சார்ந்தது. 28 ஆண்டுகள் நின்ற அச்சுவரின் எல்லையில் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். அத்தகைய ஒன்று ஒரு சொல்லால் திறந்தது என்றால், அதற்குமுன் வீதியில் இறங்கிய பல்லாயிரவர் செய்தது என்ன என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை விடுத்து நாப்பிழையைப் பற்றி மட்டும் பேசுவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

நன்னூலார் வழுவை ஏழாக வகுப்பார்: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இவ்வகைப்பாடு வாக்கிய அமைப்புக்கு உரியது. அரசியல் பேச்சுக்கு உரியதன்று. எனினும் பிழை எந்த உறுப்பில் நேர்ந்தது என்று கேட்கும் அதன் முறை இங்கும் பயன்படுகிறது. பொதுமக்கள் நினைவில் ஷபோவ்ஸ்கி தவறான சொல்லைச் சொன்னவராக நிற்கிறார். ஆவணத்தை நோக்கின், அவர் தவறிய இடம் வேறு என்பது புலனாகும்.

பிழை எது?

1989ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் கிழக்கு ஜெர்மன் அரசு பல முனைகளில் தளர்ந்திருந்தது. செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி தன் மேற்கு எல்லையைக் கிழக்கு ஜெர்மானியருக்குத் திறந்துவிட்டது. அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் ஊர்வலம் சென்றனர். பாதுகாப்புப் படைகள் ஆயத்தமாக நின்றும் சுடவில்லை. அக்டோபர் 18இல் எரிக் ஹோனெக்கர் பதவி இழந்து, எகோன் கிரென்ஸ் கட்சித் தலைமை ஏற்றார். நவம்பர் 6இல் வெளியான பயணச் சட்ட வரைவு ஆண்டுக்கு 30 நாள் மட்டுமே வெளிநாட்டுப் பயணத்திற்கு இடமளித்ததால் மக்களின் சினத்தையே ஈட்டியது. தன் மண்ணின் வழியே மேற்கு ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த மக்கள் பெருக்கைத் தடுத்து நிறுத்துமாறு செக்கோஸ்லோவாக்கியாவும் நெருக்கியது.

இந்நெருக்கடியில் நவம்பர் 9 காலை, உள்துறையையும் அரசுப் பாதுகாப்புத் துறையையும் சேர்ந்த நான்கு அலுவலர்கள் ஒரு விதியை வரைந்தனர். அவர்களிடம் கேட்கப்பட்டது நாட்டை நிலையாக விட்டு நீங்குவோருக்கான விதி மட்டுமே. நிலையாக நீங்குவோருக்கு வழிவிட்டு, உறவினரைப் பார்த்துத் திரும்ப எண்ணுவோருக்கு மறுப்பது பொருந்தாது எனக் கருதிய அவர்கள், தனிப்பட்ட பயணங்களையும் அதனுள் சேர்த்தனர். சுவரின் வரலாற்றை மாற்றிய முடிவுகளுள் இதுவும் ஒன்று. ஆயினும் இது கவனிக்கப்படுவது அரிது.

பிற்பகலில் அவ்வரைவைக் கிரென்ஸ் மையக் குழுவில் படித்தார். அப்போது குந்தர் ஷபோவ்ஸ்கி அவையில் இல்லை. 1929இல் பிறந்த அவர் கட்சி நாளேடான நோயஸ் டாய்ச்லாந்தின் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1985 முதல் கிழக்கு பெர்லின் கட்சிச் செயலர். புதிதாக ஏற்ற செய்தித் தொடர்புப் பொறுப்பின்படி அன்று மாலை செய்தியாளரைச் சந்திக்கப் புறப்பட்டபோது, கிரென்ஸ் அத்தாளை அவர் கையில் கொடுத்தார். வழியில் அவர் அதனைப் படித்துப் பார்க்கவில்லை.

மோரன் தெருவிலுள்ள பன்னாட்டுச் செய்தி மையத்தில் மாலை 6 மணிக்குத் தொடங்கிய சந்திப்பு தொலைக்காட்சியில் நேரலையாகச் சென்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் கட்சிச் செய்திகளிலேயே கழிந்தது. 6.53 மணியளவில் இத்தாலியச் செய்தி நிறுவனமான அன்சாவின் ரிக்கார்டோ ஏர்மான் பயணச் சட்டம் பற்றி வினவினார். ஷபோவ்ஸ்கி தாள்களுக்கிடையே தேடி எடுத்து, விரைந்த குரலில் விதியைப் படித்தார். எப்போது நடைமுறைக்கு வருகிறது என்ற குரல் எழுந்தது. அவர் மீண்டும் தாளைப் பார்த்து, தாம் அறிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். மேற்கு பெர்லினுக்கும் இது பொருந்துமா எனக் கேட்கப்பட்டது. தாளைப் புரட்டி, ஆம் என்றார். 7.01 மணிக்குச் சந்திப்பு முடிந்தது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘உடனடியாக’, ‘தாமதமின்றி’ ஆகிய இரு சொற்களுமே அத்தாளில் இருந்தவை. விதிகள் உடனடியாக நடைமுறைக்கு வரும் என முடிவின் வாசகமே கூறுகிறது. நிலையாக நீங்குவோருக்குத் தாமதமின்றி நுழைவிசைவு வழங்கவேண்டும் என்பது அதன் மற்றொரு பகுதி. மேற்கு பெர்லினும் பெயர் சுட்டப்பட்டுள்ளது. ஷபோவ்ஸ்கி தவறவிட்டது, செய்தி அறிக்கையை நவம்பர் 10 அன்றே வெளியிடவேண்டும் என்னும் தனிக்கூற்றை. ஆகவே இதனைச் சொல்வழு என்பதைவிடக் காலவழு என்பதே தகும். ஒரு நாள், மணிக்கணக்கில் அதனினும் குறைவு: மறுநாள் காலை 4 மணிக்கு வானொலியில் வரவேண்டிய செய்தி முதல்நாள் மாலை 7 மணிக்கு வந்தது.

அந்த ஒன்பது மணி நேரம் சிறிதன்று. திட்டத்தின்படி நடந்திருந்தால் எல்லைக் காவலர்க்கு முன்னதாகவே ஆணை சென்றிருக்கும். மக்கள் காலையில் காவல்துறை அலுவலகங்களின் முன் வரிசையில் நின்று, விண்ணப்பம் கொடுத்து, இசைவு முத்திரை பெற்றுச் சென்றிருப்பர். எல்லை திறந்திருக்கும், ஆனால் திறந்தது அரசாக இருந்திருக்கும். நாப்பிழை மாற்றியது இதனைத்தான். தாளில் ‘விண்ணப்பிக்கலாம்’ என்றிருந்தது. ஷபோவ்ஸ்கியும் அதனைச் சரியாகவே படித்தார். கேட்டவர்கள் அச்சொல்லை விட்டுவிட்டார்கள்.

கேட்டவர்கள்

7.05 மணிக்கு அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், கிழக்கு ஜெர்மனி எல்லைகளைத் திறக்கிறது என்று செய்தி அனுப்பியது. ‘திறத்தல்’ என்னும் வினை ஷபோவ்ஸ்கி படித்த வாசகத்தில் இல்லை; அது செய்தியாளர் தந்த பொழிப்பு. 8 மணிக்கு மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியின் செய்தி அறிக்கையும் அதனையே தலைப்பாக்கியது. கிழக்கு ஜெர்மானியர் பெரும்பாலோர் மேற்கின் அலைவரிசைகளையே பார்த்துவந்தனர். அவை எட்டாத டிரெஸ்டன் பகுதியை ‘ஏதுமறியார் பள்ளத்தாக்கு’ என அவர்களே எள்ளி அழைத்தமை நினையத்தக்கது. இரவு 10.40 மணிக்குப் பின், சுவரின் வாயில்கள் அகலத் திறந்துள்ளன என அதே அலைவரிசை அறிவித்தபோது அவை திறந்திருக்கவில்லை. நிகழ்ச்சிக்கு முன்னே செய்தி சென்றது. செய்தியைக் கேட்டுச் சென்றோர் நிகழ்ச்சியை ஆக்கினர்.

போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் அன்றிரவு பொறுப்பிலிருந்தவர் ஹரால்ட் யேகர். அரசுப் பாதுகாப்புத் துறையின் துணைநிலைக் கர்னல். உணவறைத் தொலைக்காட்சியில் ஷபோவ்ஸ்கியின் சொற்களைக் கேட்டுத் திகைத்து மேலிடத்தைத் தொலைபேசியில் அழைத்தார். கிடைத்த விடை, காத்திருங்கள் என்பதே. கூட்டம் பெருகியது. மிகுதியாகக் கூச்சலிடுவோரை மட்டும் வெளியேவிட்டு, திரும்ப முடியாதபடி அவர்தம் ஒளிப்படத்தின்மேல் முத்திரையிடுமாறு பின்னர் ஓர் ஆணை வந்தது. இது கூட்டத்தைத் தணிக்கவில்லை. கத்தினால் வழி கிடைக்கும் என்று கற்பித்தது. இடையே மேலதிகாரி ஒருவர், யேகர் நிலைமையைச் சரியாகக் கணிக்கத் தகுதியுடையவரா அல்லது அஞ்சுகிறாரா எனக் கேட்டது தம் காதில் விழுந்ததாக யேகர் பின்னாளில் கூறினார். இரவு 11.30 மணியளவில் ஆணையின்றியே தடுப்பை உயர்த்தச் சொன்னார்.

இதே சுவரில், இதே ஆண்டில், இதனை ஒத்த மற்றொரு தவறான செய்தி வேறு விளைவைத் தந்தது. சுடும் ஆணை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று நம்பிய கிறிஸ் குஃப்ராய் என்னும் 20 வயது இளைஞர், பிப்ரவரி 5 இரவு நண்பருடன் கால்வாயைக் கடக்க முயன்றார். அவர் கேள்விப்பட்டது உண்மையன்று. காவலர் சுட்டனர், அவர் அங்கேயே இறந்தார். சுவரில் துப்பாக்கியால் கொல்லப்பட்ட கடைசி மனிதர் அவர். பிப்ரவரிக்கும் நவம்பருக்கும் இடையே மாறியது வதந்தியின் இயல்பன்று. ஏப்ரலில் ஹோனெக்கர் சுடும் ஆணையைத் திரும்பப் பெற்றார். அக்டோபரில் லைப்சிக் மக்கள் அஞ்சாமல் நடந்தனர். இருவராகச் சென்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். நாப்பிழையைத் தனிக் காரணமாகக் கொள்ளும் விளக்கத்தில் இவை எவற்றுக்கும் இடமில்லை.

இரு ஒப்பீடுகள்

கேட்பவரே நாப்பிழையை ஆக்குகின்றனர் என்பதற்கு இரு பனிப்போர்க்காலச் சான்றுகளைச் சுருக்கமாகக் காட்டலாம்.

1976 அக்டோபர் 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தேர்தல் விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு. வினவிய நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் மாக்ஸ் ஃபிராங்கல் வியந்து, திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்கும் வகையில் மீண்டும் கேட்டார். ஃபோர்டு யூகோஸ்லாவியா, ருமேனியா, போலந்து எனப் பெயர் சொல்லி வலியுறுத்தினார். அன்றிரவே கருத்துக் கேட்கப்பட்டோர் பலர் விவாதத்தில் அவரே சிறந்தார் என்றனர். செய்தி ஊடகங்கள் அத்தொடரைத் திரும்பத் திரும்ப எடுத்துரைத்த மறுநாளில் அம்மதிப்பீடு தலைகீழானது. தவறிப் பேசியதை ஒப்புக்கொள்ள அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. நவம்பர் தேர்தலில் கார்ட்டர் 297 வாக்காளர் குழு வாக்குகளும் ஃபோர்டு 240ம் பெற்றனர். தோல்விக்கு இத்தொடரே காரணம் என்பார் உளர். நிக்சனுக்கு வழங்கிய மன்னிப்பையும் விலைவாசியையும் மறந்தாலன்றி அவ்வாறு கூறுதல் இயலாது.

மற்றொன்று நிகழாத நாப்பிழை. 1963 ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில் தம்மைப் பெர்லின்வாசி என ஜெர்மன் மொழியில் கூறிக்கொண்ட கென்னடி, ஒருமைச் சுட்டு சேர்த்ததால் தம்மை ஒரு பழப்பாகு அடைத்த பணியாரம் என்று அழைத்துக்கொண்டார் என்பது கதை. உருவகப் பொருளில் அச்சுட்டு வரவேண்டியதே, அது வழாநிலை. பெர்லின் மக்கள் அப்பணியாரத்தை அப்பெயரால் அழைப்பதுமில்லை. திரண்டிருந்தோர் ஆரவாரித்தனரேயன்றி அச்சொல்லுக்கு நகைக்கவில்லை. 1983இல் வெளியான லென் டெய்ட்டனின் உளவுப் புதினத்தில் இக்கதை இடம்பெற்றது. 1980களில் ஆங்கில ஏடுகள் வழியே பரவியது. கேட்டவர் காதில் விழாத பிழை, இருபது ஆண்டுகள் கழித்துக் கேளாதவரால் கண்டுபிடிக்கப்பட்டது.

தற்செயல் என்னும் புகலிடம்

ஷபோவ்ஸ்கியின் நாப்பிழைக் கதையால் யாருக்குப் பயன் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். எல்லையைத் திறப்பதே தம் நோக்கம், ஷபோவ்ஸ்கி முந்திவிட்டார் அவ்வளவே என்று சொல்ல அது கட்சித் தலைமைக்கு உதவியது. மேற்கின் செய்தி ஊடகங்களுக்குத் தங்கள் பொழிப்பின் பங்கை மறைக்க உதவியது. நகைச்சுவையும் பெருந்தன்மையும் கலந்த ஒரு முடிவு, அனைவரும் ஏற்கத்தக்கதாகவும் இருந்தது. வினவிய ஏர்மானே 2009இல், பயணச் சட்டம் பற்றிக் கேட்குமாறு தமக்கு முன்கூட்டியே தொலைபேசியில் குறிப்புக் கிடைத்தது என்றார். ஷபோவ்ஸ்கி அதனை மறுத்தார். இவ்விவாதம் சுவையானது. ஆயினும் வினா தூண்டப்பட்டதா இல்லையா என்பது, போர்ன்ஹோல்மர் தெருவில் நின்றவர்கள் ஏன் வீடு திரும்பவில்லை என்பதற்கு விடையாகாது.

அன்று மாலைக்கென ஷபோவ்ஸ்கி எழுதிவைத்திருந்த கைக்குறிப்பு இன்று பான் நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. அதில் பயண விதியைப் படிக்கவேண்டும் என்னும் நினைவூட்டல் உள்ளது. முன்னாள் தோழர்களுள் தம் கட்சிக் காலத்தை வெளிப்படையாகக் கண்டித்த மிகச் சிலருள் அவர் ஒருவர் என்பதும் சொல்லப்படவேண்டும். 1997இல் பெர்லின் நீதிமன்றம், எல்லையில் நிகழ்ந்த கொலைகளுக்கு உடன்பொறுப்பாளி என அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனையும் கிரென்ஸுக்கு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதித்தது. ஷபோவ்ஸ்கி ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்து, 2000இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார். 2015 நவம்பர் 1 அன்று மறைந்தார். அவ்வழக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட மரணங்களுள் கிறிஸ் குஃப்ராயின் மரணமும் ஒன்று.