தமிழ்நாட்டுப் பழைய வெள்ளிப் பொருட்களின் முத்திரைகள்

வெள்ளி முத்திரைகள் என்பவை வெள்ளிக் கலங்கள், கரண்டிகள், அணிகலன்கள் முதலியவற்றின் அடிப்பகுதியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளும் சிறு உருவங்களும் ஆகும். ஒரு பொருளைச் செய்தவர் அல்லது விற்றவர் யார், அதன் தரம் என்ன, அது எந்த ஊரில் எக்காலத்தில் செய்யப்பட்டது என்பவற்றை அறிய இவை உதவுகின்றன. இவற்றுள் இரு வகைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். செய்தோர் முத்திரை என்பது பட்டறையோ கடையோ தன் பெயரைக் காட்ட இடுவது. ஹால்மார்க் எனப்படும் தரமுத்திரை என்பது, செய்தவருக்கும் விற்றவருக்கும் தொடர்பற்ற ஓர் அமைப்பு உலோகத்தைச் சோதித்துப் பார்த்த பின்னர் இடுவது.

இந்தியாவில் வெள்ளிக்கான தரமுத்திரைத் திட்டத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2005 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் சென்னையிலோ கல்கத்தாவிலோ இலண்டனில் இருந்தது போன்ற சோதனை அலுவலகம் இருக்கவில்லை. எனவே தமிழ்நாட்டில் செய்யப்பட்ட பழைய வெள்ளிப் பொருள் ஒன்றில் காணப்படும் முத்திரை, விற்றவரின் சொல்லேயன்றி அரசின் உறுதிமொழி அன்று. முத்திரை இல்லாமையும் அது வெள்ளியன்று என்பதற்குச் சான்றாகாது. பிரித்தானிய முத்திரை அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு நம் நாட்டுப் பொருட்களை ஆராய்வோர் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேயே ஆகும்.

மாற்றும் உரைகல்லும்

முத்திரை இல்லாத நிலையில் தரம் எவ்வாறு உறுதி செய்யப்பட்டது என்னும் வினா எழுகிறது. தமிழில் உலோகத் தூய்மை "மாற்று" எனப்படும். பொற்கொல்லரும் வணிகரும் உரைகல்லில் உலோகத்தை உரைத்து, விழும் கோட்டின் நிறத்தை மாற்று அறிந்த துண்டின் கோட்டுடன் ஒப்பிட்டு மதிப்பிட்டனர். எடைக்கும் முறையான அளவைகள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொற்கலங்களை "ஆடவல்லான்" என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்ததாகக் கூறுகின்றன. அதாவது எடையும் கொடையாளர் பெயரும் ஆவணமாயின. செய்த கொல்லரின் பெயர் ஆவணமாகவில்லை.

கொங்கு நாட்டில் வெள்ளியின் புழக்கம் மிகப் பழமையானது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் உரோமானிய வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்தன. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் கத்தாங்கண்ணியிலும் 1913 இல் அத்தகைய புதையல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இந்தியாவில் கிடைத்த உரோமானியக் காசுகள் சிலவற்றில் உளி வெட்டுகளும், பின்னர் குத்தப்பட்ட சிறு முத்திரைகளும் உள்ளன. காசை அச்சிட்டவரின் முத்திரைக்கு மேல் அதனைக் கையாண்டவர் தம் குறியை இடும் பழக்கத்தை இவை காட்டுகின்றன.

19 ஆம் நூற்றாண்டில் கைக்கு எட்டிய வெள்ளி பெரும்பாலும் வெள்ளி ரூபாய்க் காசே ஆகும். 1835 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாய் 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் எடையும், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியும் (ஏறத்தாழ 91.7%) கொண்டது. வீட்டார் காசுகளைக் கொடுத்து உருக்கிக் கலம் செய்வித்துக் கொண்டனர். ஆகவே பழைய கலங்களின் எடை "இத்தனை ரூபாய் எடை" எனக் கூறப்பட்டது. 1940 இல் ரூபாயின் வெள்ளி அளவு 50% ஆகக் குறைக்கப்பட்டது என்பதால், அதன் பின்னர் காசை உருக்கிச் செய்த பொருளின் தரமும் குறைந்திருக்கக் கூடும்.

பெயர் வெட்டுதல்

தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் வெள்ளிப் பொருட்களில் மிகுதியாகக் காணப்படுவது செய்தோர் முத்திரை அன்று. உடையவரின் பெயரே ஆகும். திருமணச் சீராகவோ அன்பளிப்பாகவோ தரப்படும் கலத்தில் கொடுத்தவர் பெயர், பெறுபவர் பெயர், நாள் ஆகியவற்றைப் பொறிப்பது "பெயர் வெட்டுதல்" எனப்படும். பழைய பொருட்களில் இவ்வெழுத்துகள் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கும். அண்மைக்காலத்தவை மின்கருவியால் எழுதப்பட்டவை.

செட்டிநாட்டுப் பொருட்களில் குடும்பத்தின் "விலாசம்" பொறிக்கப்பட்டிருக்கும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை வரிசையாக அடுக்கிய இக்குறி, பார்ப்பதற்கு ஒரு வணிக நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் போலவே தோன்றும். இதனைச் செய்தோர் முத்திரை எனக் கொண்டு தேடுபவர் எந்த அட்டவணையிலும் அதனைக் காணப்போவதில்லை.

இருவகைக் குறிகளையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. செய்தோர் முத்திரை ஒரே அச்சால் ஒரே அடியில் குத்தப்படுவது. எழுத்துகள் ஒரு சிறு கட்டத்திற்குள் ஒரே ஆழத்தில், பெரும்பாலும் புடைத்து நிற்கும். பெயர் வெட்டு கையால் எழுதப்பட்டதாகையால் எழுத்துக்கு எழுத்து சற்றே வேறுபடும்; கண்ணில் படும் இடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். பெயர் வெட்டில் உள்ள எழுத்தின் வடிவமும் காலத்தைக் குறிப்பாகக் காட்டவல்லது. "ணை", "லை", "றா", "னா" போன்றவை பழைய வடிவில் இருப்பின் அது 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முற்பட்டதாக இருக்கலாம். எனினும் பழைய வடிவிலேயே எழுதிப் பழகியோர் அதன் பின்னரும் அவ்வாறே வெட்டியிருப்பர் என்பதால் இதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. மேலும், பெயர் வெட்டு பொருளை விடப் பிற்பட்டதாகவும் இருக்கலாம்.

சென்னை நிறுவனங்கள்

ஐரோப்பியப் பாணியில் முத்திரையிடும் வழக்கம் சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களில் கடை வைத்திருந்த பிரித்தானிய நிறுவனங்களால் வந்தது. சென்னையில் இவற்றுள் புகழ் பெற்றது பி. ஓர் அண்டு சன்ஸ் ஆகும். கடிகாரத் தொழிலரான பீட்டர் ஓர், ஜார்ஜ் கார்டன் என்பவரின் நிறுவனத்தில் இணைந்து, பின்னர் அதனைத் தம் பெயரில் நடத்தினார். மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) உள்ள இந்நிறுவனத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிசம் ஆவார்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிறுவனம் விற்ற "சுவாமி வெள்ளி" ஐரோப்பாவில் பெயர் பெற்றது. தேநீர்க் குடுவை, கிண்ணம், தட்டு போன்ற ஐரோப்பிய வடிவப் பொருட்களின் மீது கடவுளர் உருவங்களைப் புடைப்பு வேலையாகச் செய்வதே சுவாமி வேலைப்பாடு ஆகும். உள்ளே அரக்கு நிரப்பி, வெளியிலிருந்து உளியால் தட்டி உருவங்களை எழுப்புவர். இவற்றின் அடியில் ஆங்கில எழுத்துகளில் நிறுவனப் பெயரைக் காணலாம். செய்த கொல்லரின் பெயரோ அங்கு இராது. இதற்கு மாறாக, கட்சு நாட்டின் பூச்சு நகரைச் சேர்ந்த உமர்சி மாவ்சி என்னும் கொல்லர், தம் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ஓ, எம் என்பவற்றையும் ஊர்ப் பெயரையும் பொறித்தார். ஒரு கொல்லர் தம் பெயராலேயே அறியப்பட்ட அரிய நிகழ்வு அது.

கல்கத்தாவின் ஆமில்டன் நிறுவனம் தன் முதலெழுத்துகளுடன் யானை உருவம் ஒன்றையும் "ஏ" என்னும் ஆங்கில எழுத்தையும் குத்தியது. இலண்டன் பொருளில் சிங்கமும் ஆண்டெழுத்தும் இருக்கும் இடத்தில் இங்கு யானையும் "ஏ" எழுத்தும் உள்ளன. பார்வைக்குத் தரமுத்திரை போலிருப்பினும் இவை நிறுவனமே இட்டவை. அவ்வெழுத்து ஆண்டைக் குறிப்பதும் அன்று. இத்தகையவை போலித் தரமுத்திரைகள் எனப்படுகின்றன. இங்கு போலி என்பது தோற்றத்தைக் குறிப்பதேயன்றி வெள்ளி போலியானது என்பதை அன்று.

இந்தியப் பொருட்கள் இங்கிலாந்துக்குச் சென்ற போதும் அங்கு முத்திரை பெறாமைக்குக் காரணம் உண்டு. கீழைத்தேயப் பாணியில் கையால் செதுக்கிய வேலைப்பாடுகளுக்கும் கம்பி வேலைப்பாடுகளுக்கும் 1884 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருந்தது.

பிரித்தானிய முத்திரையைப் படித்தல்

இங்கிலாந்திலிருந்து வந்த பொருட்களும் தமிழ்நாட்டில் மிகுதியாக உள்ளன. இவற்றில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து குறிகள் வரிசையாக இருக்கும். நடந்து செல்லும் சிங்கம் 92.5% வெள்ளியைக் குறிக்கும். சிறுத்தைத் தலை இலண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும், கோட்டை எடின்பரோவையும், மணிமுடி 1975 க்கு முற்பட்ட செபீல்டையும் குறிப்பன. ஓர் ஆங்கில எழுத்து ஆண்டைக் காட்டும். அதன் வடிவமும் சுற்றியுள்ள கட்டமும் நகருக்கு நகர் மாறுபடுவதால் முதலில் நகரை அறிந்த பின்னரே ஆண்டைத் தேடுதல் வேண்டும். 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதைக் காட்டும் அரசர் தலை உருவமும் குத்தப்பட்டது.

எடுத்துக்காட்டாக, கரண்டி ஒன்றில் சிங்கமும் நங்கூரமும் உள்ளன, அரசர் தலை இல்லை எனக் கொள்வோம். பர்மிங்காம் சோதனை அலுவலகம் 1773 இல் தொடங்கியது. எனவே அக்கரண்டி 1773 க்கும் 1784 க்கும் இடைப்பட்டது, அல்லது 1890 க்குப் பிற்பட்டது. ஆண்டெழுத்து தேய்ந்திருந்தாலும் இவ்வளவு கூற முடிகிறது. புதுச்சேரியில் கிடைக்கும் பிரெஞ்சுப் பொருட்களில் 1838 முதல் மினெர்வா என்னும் பெண் தெய்வத்தின் தலை உருவம் இருக்கும். அதனருகில் உள்ள 1 என்னும் எண் 95% வெள்ளியையும், 2 என்னும் எண் 80% வெள்ளியையும் குறிக்கும்.

வெள்ளி அல்லாதவை

"ஈ.பி.என்.எஸ்." என்னும் எழுத்துகள் உள்ள பொருளை வெள்ளி என நம்பி வாங்குவோர் பலர். இது நிக்கல் சில்வர் மீது மின்முலாம் பூசப்பட்டது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நிக்கல் சில்வரும் அதன் மற்றொரு பெயரான செர்மன் சில்வரும் செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே. வெள்ளி அதில் இல்லை. 1840 இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசுதலுக்குக் காப்புரிமை பெற்ற பின்னர் இப்பொருட்கள் பெருகின. இவற்றில் நான்கு சிறு கட்டங்களை வரிசையாகக் குத்தித் தரமுத்திரை போலத் தோன்றச் செய்வதும் உண்டு. தேய்ந்த விளிம்பில் மஞ்சள் அல்லது செந்நிற உலோகம் தெரிகிறதா எனப் பார்ப்பது நல்லது. தஞ்சாவூர்த் தட்டிலும் அடித்தட்டு பித்தளை அல்லது செம்பே. மேலே பொருத்திய புடைப்பு வேலை மட்டுமே வெள்ளி.

உண்மையான அச்சு முத்திரையின் ஓரங்கள் கூர்மையானவை. வார்ப்பில் எடுத்த நகலில் முத்திரை மழுங்கி, நுண்ணிய குழிகளுடன் தோன்றும். சிறு கரண்டியின் முத்திரைத் துண்டை வெட்டிப் பெரிய கலத்தில் பற்றவைத்த ஏமாற்றுகளும் உள்ளன. வாயால் ஊதி ஆவி படியச் செய்தால் ஒட்டிய கோடு தெரியலாம். எக்சு-கதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் கனத்த முலாம் பூசிய பொருளில் அது தவறான விடை தரக்கூடும்.

இன்றைய நிலை

கொங்கு வட்டாரத்தில் இன்று வெள்ளித் தொழிலுக்குப் பெயர் பெற்றது சேலம். கொலுசு செய்யும் பணி அங்கு கம்பி இழுத்தல், பற்றவைத்தல், மெருகிடுதல் எனப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. கொலுசின் பூட்டுப் பகுதியில் காணப்படும் எழுத்துகள் பொதுவாக அதனைச் செய்வித்த வணிகரின் குறி ஆகும். மாற்றினை வணிகர் "டச்" என்னும் சொல்லால் குறிப்பர்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையில் அமைவனத்தின் முக்கோணச் சின்னமும், ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி எனக் காட்டும் எண்ணும் இருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு அறிமுகமானது. எனினும் தங்கத்திற்கு உள்ளது போல் அது கட்டாயமாக்கப்படாமல், விரும்புவோர் பெறுவதாகவே தொடங்கப்பட்டது.

பழைய வெள்ளியைக் கடையில் மாற்றும்போது எடைக்கு மட்டுமே விலை மதிக்கப்பட்டு, பொருள் உருக்கப்படுகிறது. பெயர் வெட்டும் முத்திரையும் அத்துடன் அழிகின்றன. ஆதலால் கொடுப்பதற்கு முன் அடிப்பகுதியையும் விளிம்பையும் சாய்ந்த ஒளியில் ஒளிப்படம் எடுத்து, எடையையும் குறித்து வைத்தல் பயனுடையது. மெருகுப் பொடியிட்டு அழுத்தித் தேய்த்தல் முத்திரையைத் தேய்க்கும் என்பதால் அதனைத் தவிர்த்தல் வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்கள் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ் தொல்பொருட்களாகக் கருதப்படுகின்றன. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.