முடிக்கு மேல் சட்டம்

இடைக்கால ஐரோப்பாவின் கோட்டைகள் இடிந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் கணினித் திரையில் அவை மீண்டும் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். ஒருவரையொருவர் முகம் பார்த்தறியாத மனிதர்கள், பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்துகொண்டே, இணையத்தின் வழியாக ஒரே நாட்டின் குடிகளாகின்றனர். ஒருவர் வாளேந்தும் வீரர், மற்றொருவர் கொல்லர், வேறொருவர் வணிகர். விளையாட்டுத்தானே என்று இதை நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் மனிதர் எங்கே கூடி வாழத் தலைப்படுகின்றனரோ, அங்கே யார் ஆள்வது, எந்த விதிப்படி ஆள்வது, ஆள்பவர் தவறினால் யாரிடம் முறையிடுவது என்னும் கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. 1978 முதல் 2008 வரையிலான 30 ஆண்டுகளில் இக்கேள்விகளுக்கு அம்மக்கள் தேடிக்கண்ட விடைகள் நம் சிந்தனைக்கு உரியவை.

மந்திரவாதிகளின் ஆட்சி

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 'மட்' என்ற கணினி விளையாட்டைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதனை வளர்த்து நிறைவு செய்தார். படங்கள் இல்லை, எழுத்துகளாலேயே ஆன உலகம் அது. பலர் ஒரே வேளையில் அதனுள் நுழைந்து, புதையல் தேடி, சண்டையிட்டுப் புள்ளிகள் சேர்க்கலாம். போதிய புள்ளிகளைச் சேர்த்தவர் 'மந்திரவாதி' என்னும் நிலையை அடைவார். அதன்பின் அவருக்கு வரம்பில்லை. தாம் விரும்பியவரை ஒரே கட்டளையால் அழித்துவிடவும் அவரால் முடியும். அவ்வாறு அழிந்தவர் பல நாள் உழைத்துப் பெற்ற அனைத்தையும் இழந்து, தொடக்கத்திலிருந்து வரவேண்டும்.

இங்கே ஒன்றை நாம் கருத வேண்டும். மந்திரவாதி நிலைக்கு வந்தவர் திறமையால் வந்தவர். ஆனால் திறமை வேறு, நடுநிலை வேறு. சிறந்த வீரரே சிறந்த நீதிபதியாவார் என்று எண்ணியதில்தான் முதற்சிக்கல் பிறந்தது. மந்திரவாதியின் நல்லியல்பு ஒன்றே குடிகளுக்குக் காப்பாயிற்று. நல்லவர் வாய்த்தால் நல்லாட்சி, அல்லாதவர் வாய்த்தால் அல்லல்.

ஆட்சியைத் துறந்தவர்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் என்பவர் 'லாம்டாமூ' என்னும் எழுத்துலகை நடத்திவந்தார். இது இடைக்காலக் கோட்டை அன்று, பெரியதொரு மாளிகை. எனினும் ஆள்வோருக்கு மந்திரவாதிகள் என்ற அதே பெயர்தான். குடிகள் ஆயிரக்கணக்கில் பெருக, நாள்தோறும் பிணக்குகள். தீர்த்துத் தீர்த்துச் சலித்த கர்ட்டிஸ், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு விடுத்தார்: இனி மந்திரவாதிகள் இயந்திரத்தை மட்டுமே பேணுவர், மக்களிடையே எழும் வழக்குகளில் தலையிடமாட்டார்கள்.

அடக்குமுறைக்கு அஞ்சி ஆட்சியையே கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு விடை விரைவிலேயே கிடைத்தது. 1993-இல் அவ்வுலகில் ஒருவர், சூழ்ச்சியான ஒரு கருவியின் துணையால், பிறர் தாமே இழிசெயல்களைச் செய்வதுபோல் பலர் முன்னிலையில் எழுதிக் காட்டினார். வெறும் எழுத்துகளே எனினும், இலக்கானவர்கள் மனம் நொந்து அழுதனர். மக்கள் கூடி நெடுநேரம் வாதிட்டனர். முடிவெடுக்கும் வழியொன்றும் அவர்களிடம் இல்லை. இறுதியில் மந்திரவாதி ஒருவர் தாமே முன்வந்து, எவரையும் கேளாமல், குற்றவாளியை நீக்கிவிட்டார். தண்டனை தகுந்ததே என்றனர் பலர். ஆனால் எந்தச் சட்டத்தின்படி என்ற கேள்விக்கு விடையில்லை.

இதன்பின்னரே கர்ட்டிஸ் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தார். குடிகள் எவரும் விண்ணப்பம் எழுதலாம். போதிய கையொப்பம் பெற்றால் அது வாக்கெடுப்புக்கு வரும். எதிர்ப்பவரைப்போல் இருமடங்கினர் ஆதரித்தால் விதியாகும். அவ்வாறு வந்த விதிகளை மந்திரவாதிகள் நிறைவேற்றுவர். இம்முறையும் குறையற்றதாய் இருக்கவில்லை. மக்களிடையே பிளவுகள் வலுத்தன. 1996-இல் மந்திரவாதிகள் மீண்டும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. இயந்திரத்தைப் பேணுவது மட்டுமே தம் வேலை என்று ஒதுங்கியிருப்பது இயலாத ஒன்று என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். கையில் அதிகாரம் உள்ளவர் வாளாவிருப்பதும் ஒருவகை முடிவே என்ற உண்மையை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

எட்டு நற்பண்புகளின் நாடு

1997 செப்டம்பரில் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' இவ்வகை விளையாட்டுகளைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது. அரண்மனையும் அங்காடியும் சுரங்கமும் கொண்ட பிரிட்டானியா என்னும் நாடு அது. அந்நாட்டை முன்னரே தம் பழைய விளையாட்டுகளில் படைத்திருந்த ரிச்சர்ட் கேரியட், 1985-இல் வெளியிட்ட பகுதியில் வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு நற்பண்புகளை விளையாட்டின் குறிக்கோளாகவே அமைத்திருந்தார்.

தனித்து விளையாடியவரை நல்லவராக்க முயன்ற நாடு, மக்கள் கூட்டமாய் நுழைந்தபோது கொள்ளைக்காடாயிற்று. ஊர்களுக்குள் காவலர் இருந்தனர். ஊரெல்லையைத் தாண்டினால் காப்பில்லை. சுரங்கத்தில் உழைத்துத் திரும்பும் எளியவரைக் கூட்டமாய் நின்று கொன்று பறிப்பதே சிலரது தொழிலாயிற்று. கொலைஞரின் பெயரைச் சிவப்பில் காட்டுவது போன்ற பல ஏற்பாடுகளை நடத்துநர் செய்தனர். முழுப்பயன் விளையவில்லை. இறுதியில் 2000-ஆம் ஆண்டில் நாட்டையே இரண்டாக்கினர். பழைய நாடு பழையபடியே இருந்தது. புதிய நாட்டில் ஒருவரது இசைவின்றி அவரைத் தாக்க இயலாது. மக்களில் பெரும்பாலோர் புதிய நாட்டையே நாடினர். விதிகளால் விளையாட்டின் சுவை கெடுகிறது என்று குறைகூறியோரும் இருந்தனர். எனினும் எளியவருக்கு அடைக்கலம் கிடைத்தது.

ஆள்வோரும் சோதனைக்கு உள்ளாயினர். விளையாட்டு வெளிவருமுன், 1997 ஆகஸ்டு 9 அன்று, பிரிட்டானியாவின் மன்னராகவே வேடம் தாங்கிக் கேரியட் மக்கள் முன் தோன்றினார். தம்மை எவரும் கொல்ல இயலாதபடி காக்கும் ஏற்பாட்டை மறந்திருந்தார். ஒருவர் எறிந்த தீயில் மன்னர் மாண்டார். உடனே பொறுப்பாளர் தரப்பிலிருந்து கூட்டத்தின்மீது பேய்கள் ஏவப்பட்டன. வேடிக்கை பார்க்க வந்த குற்றமற்றவர்களும் மடிந்தனர். மன்னரைக் கொன்றவர் பின்னர் விலக்கப்பட்டார். முன்பே அவர் செய்த வேறு தவறுகளே காரணம் என்று நிறுவனம் கூறிற்று, பலர் நம்பவில்லை. தண்டனை நேர்மையாய் இருந்தால் போதாது. அதன் காரணமும் வேளையும் மக்கள் கண்ணுக்குத் தெளிவாய் இருத்தல் வேண்டும்.

இடைக்காலம் தந்த பாடம்

இவ்விளையாட்டுகள் இடைக்காலத்திடமிருந்து வாளையும் முடியையும் எடுத்துக்கொண்டன. ஆனால் அக்காலமே உலகிற்கு அளித்த வேறு செல்வங்களும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்குநூல், முக்கியமான காரியங்களில் மடத்துத் தலைவர் சகோதரர் அனைவரையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. இளையோரையும் விட்டுவிடலாகாது என்கிறது. முடிவெடுப்பவர் தலைவரே; ஆனால் அவரும் ஒழுங்குநூலுக்குக் கட்டுப்பட்டவர். 1215-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் இசைந்த மகா சாசனமோ, சட்டப்படியான தீர்ப்பின்றிச் சுதந்திரக் குடிமகன் எவனையும் தண்டிக்கலாகாது என்று முடிக்கு மேல் சட்டத்தை வைத்தது.

மெல்ல மெல்ல விளையாட்டு உலகமும் இப்பாதைக்கே வந்தது. அல்டிமாவின் குழுக்களில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் பற்றுறுதி செலுத்தும் ஒருவரைக் குறிப்பிடுவர். மிகுதியானோரின் பற்றுறுதியைப் பெற்றவரே தலைவர். அன்று மண்டியிட்டு அளித்த உறுதி இன்று வாக்காயிற்று. அவ்விளையாட்டை வடிவமைத்த ராஃப் கோஸ்டர், 2000-இல் விளையாடுவோரின் உரிமைகள் பற்றிய ஓர் அறிக்கையை எழுதினார். 1789-ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தை அடியொற்றிய அது, நடத்துநரின் அதிகாரம் குடிகளின் நலனுக்கே உரியது என்றும், முன்னரே அறிவிக்கப்பட்ட விதிகளின்படியன்றி எவரையும் தண்டிக்கலாகாது என்றும் கூறிற்று.

ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' என்னும் விண்வெளி விளையாட்டில், ஊழியர் ஒருவர் தம் குழுவுக்கு முறைகேடாய்ச் சலுகை காட்டியது 2007-இல் வெளிப்பட்டது. அந்நிறுவனம் விளையாடுவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனை மன்றத்தை அமைக்க, 2008-இல் முதல் தேர்தல் நடந்தது. கேட்கும் உரிமையே அம்மன்றத்துக்கு உண்டு. ஆணையிடும் உரிமை இல்லை. ஆயினும் ஆள்வோரை நேருக்கு நேர் கேள்வி கேட்க ஓர் இடம் பிறந்தது.

நம் இல்லங்களில் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டுகளில் ஆழ்ந்திருக்கும்போது, எவ்வளவு நேரம் விளையாடினாய் என்று மட்டுமே நாம் கேட்கிறோம். உன் குழுவுக்குத் தலைவர் யார், அவரை யார் தேர்ந்தெடுத்தது, புதியவன் ஒருவன் தவறிழைத்தால் அவன் சொல்லைக் கேட்டபின் விலக்குகிறீர்களா, கேளாமலே விலக்குகிறீர்களா என்றும் கேட்டறிதல் நலம். பின்னாளில் அவர்கள் ஒரு சங்கத்துக்கோ ஊருக்கோ பொறுப்பேற்கும்போது, இக்கேள்விகளுக்கு அங்கே பழகிய விடைகளையே கையிலெடுப்பார்கள்.