பெட்ரூம் வரி பிறந்த கதை

பிரிட்டனில் 2013 ஏப்ரல் 1 அன்று ஒரு விதி அமலுக்கு வந்தது. கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தின் வீட்டிலோ வீட்டுவசதிச் சங்கத்தின் வீட்டிலோ குடியிருந்துகொண்டு, வாடகைக்கு அரசு உதவித்தொகை பெறுகிறவரா நீங்கள்? உங்கள் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால், வாடகையில் 14 சதவீதம் அந்த உதவியிலிருந்து குறையும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம். மீதியைக் கைக்காசு போட்டுக் கட்டலாம், அல்லது சிறிய வீடு பார்த்துப் போகலாம்.

கதையின் வேர் அந்த வீடுகளில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் கவுன்சில்கள் லட்சக்கணக்கில் வீடுகள் கட்டின. அவை குடும்பங்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. பல ஊர்களில் மூன்று படுக்கையறை வீடுதான் வழக்கம். ஒற்றை ஆளுக்கான வீடுகள் குறைவு. பின்னர் தாட்சர் அரசின் 1980ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்போருக்கே வீட்டை வாங்கும் உரிமையைத் தந்தது. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. இருப்பு சுருங்கியது, காத்திருப்போர் பட்டியல் நீண்டது.

விதியின் முன்மாதிரி தனியார் வாடகைச் சந்தையிலிருந்து வந்தது. தொழிற்கட்சி ஆட்சி 2008இல் தனியார் வீட்டு வாடகைதாரர்களுக்கான உதவியைக் குடும்பத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் புதிய முறையைக் கொண்டுவந்தது. 2010 மே மாதம் கன்சர்வேட்டிவ்–லிபரல் டெமாக்ரட் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அடுத்த மாதமே நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் கொண்டுவந்த அவசர பட்ஜெட், அதே அளவுகோலைக் கவுன்சில் வீடுகளுக்கும் நீட்டப்போவதாக அறிவித்தது. தனியாரிடம் குடியிருப்பவருக்குக் கிடைக்காத உபரி அறை இவர்களுக்கு மட்டும் எதற்கு என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2008 விதி புதிதாக உதவி கோருவோருக்கும் வீடு மாறுவோருக்கும் பொருந்தியது. இதுவோ, ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் குடியிருந்தவர்கள்மேல் பாய்ந்தது.

எது உபரி என்று சொல்ல ஒரு வாய்ப்பாடு போட்டார்கள். தம்பதிக்கு ஓர் அறை. 16 வயதைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. அதற்குக் கீழே, ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை. 10 வயதுக்குள் இருந்தால் ஆணும் பெண்ணும் ஓர் அறையில். ஒன்பது வயது அண்ணனும் ஏழு வயதுத் தங்கையும் ஆளுக்கோர் அறையில் படுத்தால் ஓர் அறை உபரி. அண்ணனின் பத்தாவது பிறந்தநாளன்று அந்த உபரி மறைந்துவிடும். ஓய்வூதிய வயதினருக்கு விலக்கு உண்டு. படுக்கையறை என்றால் என்ன என்பதைச் சட்டம் சொல்லவே இல்லை. வீட்டு உரிமையாளர் பதிவில் உள்ளதே கணக்கு. லிவர்பூலை அடுத்த நோஸ்லியில் ஒரு வீட்டுவசதிச் சங்கம், வாடகை குறைந்தாலும் பரவாயில்லை என்று நூற்றுக்கணக்கான வீடுகளின் அறை எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறைத்தே விட்டது.

நாடாளுமன்றத்தில் முதல் முட்டுக்கட்டை பிரபுக்கள் சபையில் விழுந்தது. கட்சி சாராத உறுப்பினரும் வீட்டுவசதித் துறையில் ஊறியவருமான லார்டு பெஸ்ட், ஓர் அறை கூடுதலாக இருந்தால் பொறுத்துப் போகலாம் என்று திருத்தம் கொண்டுவந்து 2011 டிசம்பரில் வென்றார். நிதி விவகாரத்தில் இறுதி உரிமை தனக்கே என்று மக்களவை அதைத் தள்ளியது. 2012 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது. 'பெட்ரூம் வரி' என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவரும் லார்டு பெஸ்ட்தான் என்பார்கள். உபரி அறை மானியத்தை நிறுத்துகிறோம், அவ்வளவே என்று அரசு சொல்லிப் பார்த்தது, எடுபடவில்லை.

அரசு சொன்ன நோக்கங்கள் இரண்டு: செலவு குறைய வேண்டும், நெரிசலில் வாழும் குடும்பங்களுக்குப் பெரிய வீடுகள் காலியாக வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அறுத்தன. சுமார் 6,60,000 குடும்பங்கள், வாரத்துக்குச் சராசரியாக 14 பவுண்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி பவுண்டு மிச்சம் என்பது அரசின் மதிப்பீடு. பெரும்பாலானோர் நகராமல் இருந்து பணம் கட்டினால்தான் அந்த மிச்சம் கைக்கு வரும். பல பகுதிகளில் மாறிப்போகச் சிறிய வீடுகள் போதாது என்பதையும் அதே மதிப்பீடு ஒப்புக்கொண்டிருந்தது. முதல் ஆறு மாதத்தில் கவுன்சில், சங்க வீடுகளுக்குள்ளேயே சிறிய வீட்டுக்கு மாறியவர்கள் 4.5 சதவீதம். வெட்டுப்பட்ட தொகையை முழுதாகக் கட்டியவர்கள் 41 சதவீதம். மற்றவர்கள் வாடகை பாக்கியில் விழுந்தார்கள்.

அதன்பின் விதியில் ஒட்டுப்போடும் வேலை தொடங்கியது. 1996க்கு முன்பிருந்தே அதே வீட்டில் தொடர்ந்து உதவி பெற்றவர்களை விதி தொடாது என்ற ஓட்டை 2014 தொடக்கத்தில் வெளிப்பட்டது; மார்ச்சில் அடைத்தார்கள். ஸ்காட்லாந்து அரசு வெட்டைத் தன் பணத்தால் ஈடுசெய்தது. உடற்குறையால் ஒரே அறையில் உறங்க முடியாத தம்பதியருக்கும், இரவுப் பராமரிப்பாளர் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் சாதகமாக 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு விதி திருத்தப்பட்டது. ஆனால் விதி ஒழியவில்லை.

கவுன்சில் வீட்டில் குடியேறுகிறவர் வீட்டின் அளவைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. பட்டியலில் முறை வரும்போது காலியாக இருப்பதைக் கொடுப்பார்கள். போதிய சிறிய வீடுகளைக் கட்டாமல் விட்டது அரசு. அதற்கான பில் வாரம் 14 பவுண்டாகக் குடியிருப்பவரிடம் போனது.