மலையடிவாரத்திலிருந்து தெரியும் கடல்

பொட்டிபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும், கடல் தெரியாது. போடிநாயக்கனூர்ப் பகுதியில் வாழ்கிறவர்களின் பேச்சிலும் கடல் அதிகம் வருவதில்லை. மழை வரும், ஏலக்காய் விலை வரும், விடிகாலையில் மலையேறும் ஜீப்புகள் வரும். எனினும் இந்த மலைச்சரிவின் வரலாற்றை எழுதத் தொடங்கினால், சில வரிகளிலேயே நாம் கடற்கரையில் போய் நிற்கிறோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்து, தூத்துக்குடி சென்று, கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன. அந்தக் கம்பிவடத்தின் மறுமுனை உண்மையில் கொட்டகுடியில் இல்லை. நடுவிலுள்ள கடல் முழுவதும் பிரிட்டிஷ் கடற்படையின் காவலில் இருந்ததால்தான் அந்தப் பாதை ஒரு பாதையாக இருந்தது.

கடற்படை என்றதும் நம் மனத்தில் எழுவது போர். ஆனால் அதன் அன்றாடத் தொழில் போரன்று. யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானிப்பதே அதன் தொழில். நிலத்தை ஆள ஊர்தோறும் அதிகாரி வேண்டும். கடலை ஆளச் சில குறுகிய வாயில்களைப் பிடித்தால் போதும்.

இதைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்லர். 1025-இல் முதலாம் இராசேந்திரனின் படை கடல்கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கியது. அவன் மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் ஊர்ப்பெயர்களில் பல மலாக்கா நீரிணையின் இருபுறமும் அமைந்தவை. சீனத்துக்குச் செல்லும் வணிகத்தின் வாயில் அது. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் அதே ஸ்ரீவிசய அரசமரபு நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பியிருந்தது. சோழர் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்திருந்தனர். நட்பு ஏன் படையெடுப்பாக மாறியது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கொள்ளையே நோக்கம் என்பார் ஒருசாரார். வணிகவழியைத் திறப்பதே நோக்கம் என்பார் மறுசாரார். இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நாம் பெருமிதத்தோடு சொல்லும் அந்த வெற்றி, தோற்ற துறைமுகங்களில் இருந்தவர்களுக்கு வேறொன்றாக இருந்திருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

போர்த்துக்கீசியர் இந்தத் தொழிலை ஒரு காகிதமாகச் சுருக்கினர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தடைந்தார். சில ஆண்டுகளிலேயே 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. சீட்டில்லாத கப்பல் பிடிக்கப்படும், சரக்கு பறிமுதலாகும். சீட்டு வாங்கியவரும் போர்த்துக்கீசியத் துறைமுகத்தில் ஒதுங்கிச் சுங்கம் கட்ட வேண்டும். 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஹோர்முஸ் என வாயில்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குப் போயின. ஏடன் மட்டும் பிடிபடவில்லை. செங்கடல் வழியே மிளகு கசிந்துகொண்டே இருந்தது.

இந்துஸ்தானத்தை ஆண்ட முகலாயரும் கடலில் இந்தச் சீட்டை வாங்கித்தான் செல்ல நேர்ந்தது. ஆனால் சீட்டும் காப்பாற்றவில்லை. ஜஹாங்கீரின் தாயாருக்குச் சொந்தமான ரஹீமி என்ற கப்பல், முறையான சீட்டு இருந்தும் 1613-இல் சூரத்துக்கு அருகே போர்த்துக்கீசியரால் கைப்பற்றப்பட்டது. கொடுத்தவனே மீறினால் கேட்பதற்கு ஆளில்லை என்பதே அந்தக் காகிதத்தில் எழுதப்படாத வரி. எதிர்த்து நின்றவர்கள் மலபாரின் குஞ்ஞாலி மரக்காயர்கள். அவர்களுள் நான்காமவர் 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். சாமூதிரியே அவருக்கு எதிராகப் போர்த்துக்கீசியரோடு சேர்ந்துகொண்டார் என்பது அந்த வரலாற்றின் கசப்பு.

ஆங்கிலேயர் காலத்தில் பீரங்கி பின்னுக்குப் போய்க் கட்டணம் முன்னுக்கு வந்தது. 1906-இல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதை மூழ்கடிக்க ஒரு போர்க்கப்பலும் தூத்துக்குடிக்கு வரவில்லை. பயணக் கட்டணக் குறைப்பும் ராஜத்துரோக வழக்கும் போதுமானதாக இருந்தன. ஆனால் அந்தப் பேரரசின் பிடியிலும் ஓட்டை இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஒற்றை ஜெர்மன் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்தது. நவம்பரில் அதன் கதை முடிந்தது. ஆயினும் 'அவன் சரியான எம்டன்' என்று நம் பாட்டிமார் சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் தமிழில் தங்கிவிட்டது. காவல் உடையக்கூடியது என்ற அறிவைத்தான் அந்தச் சொல்லில் நாம் சேமித்து வைத்திருக்கிறோம்.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று எண்ணியிருந்தோம். 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்க, பெரும் சரக்குக் கப்பல் நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் வாஸ்கோ ட காமா வந்த வழி அது. 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை, கடற்கொள்ளையர் பிடித்திருந்த ரூயன் கப்பலை மீட்டுப் பதினேழு மாலுமிகளைக் காப்பாற்றியது. கடலில் காவல் தேவையே என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. காவலன் எப்போது சீட்டு விற்பவனாக மாறுகிறான் என்பதே நம் கேள்வி.

போடியில் ஏலம் போகும் ஏலக்காயில் ஒரு பகுதி அரபு நாடுகளின் காப்பிக் கோப்பைகளுக்குச் செல்கிறது. அதைப் பறிக்க மலையேறும் பெண்கள் கடலைப் பார்க்காதவர்களாக இருக்கலாம். அவர்கள் கூலியின் ஒரு பங்கை, அவர்கள் பெயரே கேட்டிராத ஏதோவொரு நீரிணையில் நிற்கும் கப்பல் தீர்மானிக்கக்கூடும். மன்னர்களின் கடல் வெற்றிகளை எழுதும்போது, மலையில் இருக்கும் இந்த மறுமுனையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நினைக்கிறோம்.