நிறுத்துண்ட ரொட்டி

நீரிழிவு எனத் தமிழ் இந்நோய்க்குப் பெயரிட்டது. யவனர் இட்ட பெயருக்கு ‘ஊடுருவிக் கடப்பது’ என்று பொருள். அரபு வைத்திய நூல்கள் இதனை நீரிறைக்கும் சக்கரமாகிய ‘தூலாப்’ என்ற பெயராலும் வழங்கின. மூன்று மொழியாரும் வெளியேறும் நீரையே நோக்கினர். உட்செல்லும் உணவை நிறுத்துப் பார்ப்பது வலுப்பெற்றது பிற்காலத்தில்தான்.

தொடக்கத்தில் அது கொடுமையாகவே இருந்தது. 1910களில் நியூயார்க்கில் டாக்டர் ஃபிரடெரிக் ஆலன் நோயாளரைப் பட்டினியிட்டு, சிறுநீரில் சர்க்கரை தோன்றாத அளவுக்கே உணவளித்தார். அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயுளைச் சிறிது நீட்ட அன்று வேறு வழியில்லை. ஆயினும் அங்கே தராசு உணவைப் பறிக்கவே பயன்பட்டது.

1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. பட்டினி அகன்றது, புதியதோர் அபாயம் புகுந்தது. மருந்துக்கு ஈடான மாவுச் சத்து வயிற்றில் சேராவிடில் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, நோயாளி மயங்கி வீழ்வார்.

இவ்வின்பதுன்பங்களைத் தம் உடலிலேயே கண்டறிந்தவர் டாக்டர் ராபின் லாரன்ஸ். அபர்டீனில் பிறந்த அவர், நோய் கண்டபின், குடும்பத்தார் கண்ணெதிரே மடிய விரும்பாது இத்தாலியின் ஃபிளாரென்ஸ் நகருக்குச் சென்றிருந்தார். இன்சுலின் கிடைத்துவிட்டதென லண்டன் மருத்துவமனைத் தோழர் செய்தி விடுக்க, தளர்ந்த உடலோடு மோட்டாரில் திரும்பி, 1923 மே 31 அன்று முதல் ஊசியைப் பெற்றார். பின்னர் 1968 வரை வாழ்ந்தார்!

நோயாளரின் உணவை அவர் வரிகளாக வகுத்தார். ஒரு கறுப்பு வரி 10 கிராம் மாவுச் சத்து. சிவப்பு வரி புரதமும் கொழுப்பும். ஒரு கறுப்பு வரிக்கு ஏறத்தாழ 20 கிராம் ரொட்டி உண்ணலாம். வேண்டாமெனில் அதே சத்துள்ள பழமோ உருளைக்கிழங்கோ கொள்ளலாம். இன்னதை உண் என்னும் கட்டளை போய், இத்தனை வரி என்னும் கணக்கு வந்தது. தராசு மாறவில்லை, அதனைப் பிடித்த கைதான் வைத்தியரிடமிருந்து நோயாளிக்கு மாறியது. நம் கருத்தில், ஊசிக்கு அடுத்த பேறு இதுவே.

எனினும், மருந்தின் அளவை முன்னரே குறித்து, உணவை அதற்குள் அடக்கும் நிலையே நெடுங்காலம் நீடித்தது. ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் மருத்துவர்கள் அதனைத் தலைகீழாக்கினர். உண்ணப்போகும் மாவுச் சத்தை நோயாளியே எண்ணி, அதற்கேற்ப ஊசியின் அளவை முடிவுசெய்யப் பயிற்றினர். அப்பயிற்சி பிரிட்டனிலும் பயன் தந்தமை 2002ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அங்கே ஒரு பங்கென எண்ணப்படுவது, லாரன்ஸின் கறுப்பு வரியைப் போலவே, 10 கிராம்.