விசைக்கருவிகள்: திண்டுக்கல் நகரும் சமவெளியும்

தசையின் வலுவுக்குப் பதிலாக மின்சாரம், அழுத்தக் காற்று, எரிபொருள் ஆகியவற்றுள் ஒன்றால் ஓடும் வேலைக்கருவியை விசைக்கருவி என்கிறோம். துளையிடும் டிரில், இரும்பை அறுத்துத் தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டர், கல்லறுக்கும் மார்பிள் கட்டர், பித்தளைக்கு மெருகேற்றும் பஃபிங் மெஷின், பாறை உடைக்கும் காற்றுச் சுத்தியல் எல்லாம் இதில் அடங்கும். இவற்றால் கை போனாலோ கரண்ட் அடித்தாலோ ‘கவனக்குறைவு’ என்ற ஒரே சொல்லில் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கருவியைப் பிடித்திருக்கும் கையைவிட, கருவிக்கு வரும் விசையும் அதன்மேல் இருக்க வேண்டிய மூடியும்தான் விபத்தைத் தீர்மானிக்கின்றன. சிறு பட்டறைகள் நிறைந்த திண்டுக்கல் இதைச் சோதித்துப் பார்க்கப் பொருத்தமான இடம்.

திண்டுக்கல் என்றால் பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று பல வகையாக, நாகல் நகரிலும் சுற்றியுள்ள நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற ஊர்களிலும் தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வரும் இந்தப் பூட்டு 2019 ஆகஸ்ட்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு விண்ணப்பித்த தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே பூட்டோடு இரும்புத் தளவாடமும் உண்டு. பீரோவும் பெட்டகமும் இதே கைகளின் வேலை. இங்கே விசைக்கருவி நுழைந்த இடங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தகடு வெட்டுவது, துளை போடுவது, பிசிறு தேய்ப்பது, மெருகேற்றுவது என உலோகத்தை வேகமாகக் கழிக்கும் வேலைகள் மோட்டாருக்குப் போகும். உள்ளே இருக்கும் லீவர்களைச் சாவிப் பல்லுக்கு ஏற்ப அரத்தால் ராவிப் பொருத்துவது கையோடு நிற்கும். ஒரு சாவி அடுத்த பூட்டைத் திறக்கக் கூடாது என்பதே இந்தச் சரக்கின் மதிப்பு. எல்லாவற்றையும் ஒன்றுபோலச் செய்யும் இயந்திரத்துக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. ஆகவே ‘கைத்தொழிலுக்கு மெஷின் எதற்கு’ என்ற கேள்வி பாதி மட்டுமே பொருந்துகிறது. அரத்தால் ஒரு மணி நேரம் தேய்ப்பதைச் சில நிமிடத்தில் முடித்துத் தரும் கருவியை வயிற்றுப் பிழைப்புக்காரர் விடமாட்டார், விடவும் வேண்டாம்.

இந்தக் கருவிகளின் வயது அதிகமில்லை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் 1895-ல் முதல் மின் கைத்துளைப்பானைச் செய்தது. துப்பாக்கிப் பிடியும் விரல் சுவிட்சும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் 1917-ல் காப்புரிமை பெற்றது. ஆங்கிள் கிரைண்டர் 1954-ல்தான் வந்தது. தமிழ்நாட்டின் பக்கம் பைக்காரா 1932-லும், மேட்டூர் 1937-லும், பாபநாசம் 1944-லும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. கம்பி ஊர் ஊராக வந்த பிறகுதான் கருவிக்கு இங்கே வாழ்வு. ஆனால் கருவி எந்த நாட்டின் மின்சாரத்தை நம்பி வடிவமைக்கப்பட்டதோ அந்த மின்சாரம் அதனோடு சேர்ந்து வரவில்லை. எர்த், சரியான கம்பி, சீரான வோல்டேஜ் என்ற மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டுதான் தயாரிப்பாளர் தன் கையேட்டை எழுதுகிறார்.

முதலில் கரண்ட் அடிப்பதை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வியர்த்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ஓம். கணக்குப் போட்டால் உடல் வழியே 100 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். நெஞ்சுத் துடிப்பைக் குலைக்க அது போதும். பட்டறைச் சுவரில் உள்ள பீஸ் கட்டையோ 16 ஆம்பியர் டிரிப்பரோ இதைக் கண்டுகொள்ளாது. ஏனென்றால் உயிரைப் பறிக்கும் அளவு அதன் வரம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பீஸ் காப்பது கம்பியை, ஆளை அல்ல. ஆளைக் காக்க வந்தது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டால் ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் அது இணைப்பை அறுத்துவிடும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் விரைவாக. பேஸையும் நியூட்ரலையும் ஒரே ஆள் இரு கையாலும் பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட விபத்து அரிது.

எர்த்தும் இந்த மண்ணில் தானாகக் கிடைப்பதில்லை. திண்டுக்கல் சமவெளி செம்மண்ணும் அடியில் பாறையும் கொண்ட வறண்ட நிலம். ஊர்ப் பெயருக்கே காரணமாகச் சொல்லப்படும் பெருங்கல் நகர் நடுவே நிற்கிறது. இத்தகைய மண்ணின் மின்தடை, ஈரக் களிமண்ணைவிட மிக அதிகம். உப்பும் கரியும் இட்ட எர்த் குழி கோடையில் காய்ந்துவிட்டால் பெயருக்குத்தான் எர்த். பழைய எலெக்ட்ரீஷியன்கள் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வது வெறும் சாங்கியம் அல்ல. எர்த் பலவீனமானால் மெஷின் உடம்பில் கசிவு வந்தும் பீஸ் போகாது. உடம்பு முழுக்க மின்சாரத்தோடு மெஷின் காத்திருக்கும். பாறை நிலத்துக்கு ஆர்.சி.சி.பி. கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான். எர்த் சுமாராக இருந்தாலும் அது வேலை செய்யும்.

இன்றைய கைக்கருவிகள் இரட்டை மின்காப்பு கொண்டவை, எர்த்தே தேவையில்லை என்று ஒரு மறுப்பு உண்டு. சதுரத்துக்குள் சதுரம் பொறித்த கருவிக்கு அது உண்மை. ஆனால் அந்தக் காப்பு கருவியின் கூட்டுக்குள் மட்டுமே இருக்கிறது. தரையில் கிடக்கும் ஒயர் தகட்டு விளிம்பில் கிழிந்து, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்போடு, கல்லறுக்கும் தண்ணீரில் நனையும்போது அந்தச் சதுரம் யாரையும் காக்காது. பிரிட்டனின் கட்டுமான இடங்களில் 230 வோல்ட்டைக் கருவிக்கு விடாமல், நடுவில் எர்த் செய்த மின்மாற்றி வழியாக 110 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறார்கள். எந்தக் கம்பியைத் தொட்டாலும் நிலத்துக்கு 55 வோல்ட்தான். அங்குள்ள தொழிலாளி நம்மவரைவிடக் கவனமானவர் என்று இதற்குப் பொருளில்லை. அவர் கவனம் தவறினாலும் பிழைக்கட்டும் என்று மின்சாரத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கவனக்குறைவு என்ற வாதத்தை மின்வெட்டு இன்னும் தெளிவாக உடைக்கிறது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு நீண்ட மின்வெட்டில் கிடந்தது. பட்டறையில் கிரைண்டர் சுவிட்சை ஆன் நிலையில் பூட்டி வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. வேலை செய்பவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். கரண்ட் வந்ததும் கீழே கிடக்கும் மெஷின் தானாகச் சுழன்று தரையில் துள்ளுகிறது. சுவிட்சை அணைக்க மறந்தது அவர் பிழைதான். ஆனால் ஒரு நாளில் பல முறை கரண்ட் போய் வரும் ஊரில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் மறக்காமல் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்புத் திட்டமே ஆகாது. கரண்ட் போனால் தானே விடுபட்டு, மறுபடி அழுத்தினால் மட்டும் ஓடும் சுவிட்ச் உண்டு. விலை கூடிய கருவிகளில் அது இருக்கிறது. இங்கே அதிகம் விற்கும் மலிவானவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. விரலை எடுத்தால் நிற்கும் சுவிட்ச் உள்ள மெஷினாவது வாங்க வேண்டும்.

மின்வெட்டு நாட்களில் ஜெனரேட்டர் கைகொடுத்தது, ஆனால் அதற்கும் தனிக் குணம் உண்டு. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்காது, அப்போது ஆர்.சி.சி.பி. எதிர்பார்த்தபடி விழாது. ஒரு கருவியில் கசிவு இருந்தால் வெளியே தெரியாது. இன்னொன்றிலும் கசிவு வந்தால் இரண்டையும் தொட்டவர் மாட்டுவார். மூடிய ஷெட்டுக்குள் அதை ஓட்டினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும்.

வோல்டேஜ் குறைவது உயிரைவிட மெஷினைத்தான் முதலில் தின்கிறது. கைக்கருவிகளுக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த அதிவேக மோட்டார். அதன் காற்றாடியும் அதே தண்டில்தான் சுழலும். வோல்டேஜ் இறங்கினால் வேகம் இறங்கும், காற்று குறையும். வேலை ஓடவில்லையே என்று ஆள் அழுத்துவார், மின்னோட்டம் ஏறும், ஆர்மேச்சர் என்னும் சுழலும் கம்பிச்சுருள் கருகும். ‘காயில் போச்சு’ என்று கொண்டுவரும் மெஷின்களில் பலவற்றுக்கு நோய் ஒயரில் இருக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்து 10 ஆம்பியர் எடுத்தால், போக வர 100 மீட்டர் கம்பியில் 17 முதல் 20 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு பாதிக்கும் கீழ். சுருட்டியபடியே ஜங்ஷன் பாக்ஸைப் பயன்படுத்தினால் சூடு வெளியேறாமல் ஒயரே உருகும்.

இனி வட்டு. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும். 100 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு அப்போது நொடிக்கு 58 மீட்டர், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. நல்ல வட்டில் நொடிக்கு 80 மீட்டர் என்ற வரம்பு அச்சிட்டிருக்கும். ஏழு அங்குல வட்டை புஷ் என்ற இடைவளையம் வைத்து அதே மெஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் 104 மீட்டர். வட்டைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் வரம்பைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அழுத்தம். இதைப் பொருத்த கார்டு என்ற காப்பு மூடியைக் கழற்றியாக வேண்டும். உடையப்போகும் வட்டுக்கும் முகத்துக்கும் நடுவே இருந்த ஒரே தடுப்பும் போகிறது. மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது இதைவிட மோசம். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை மீறித் திரும்பும். மூடியில்லாத பிளேடு வந்து நிற்கும் இடம் தொடையோ கழுத்தோ. பிசின் வட்டுக்குக் காலாவதி உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. நடுவளையத்தில் பொறித்திருக்கும், பொதுவாக மூன்று ஆண்டு.

மூடி இருந்தால் வேலை தெரியவில்லை, முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம் என்று மூத்த தொழிலாளிகள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அனுபவம் சிலவற்றில் உண்மையான காப்பு. பித்தளையில் துளை போடும்போது சாதாரண பிட் திருகாணிபோல் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பிட்டின் வெட்டு முனையைச் சற்றுத் தட்டையாகத் தீட்டினால் இழுக்காது. பூட்டுப் பட்டறையில் பழகியவருக்கு இது கைப்பாடம். பஃபிங் சக்கரத்தில் பொருளை மையத்துக்குக் கீழே பிடிக்க வேண்டும், டிரில்லிங் மெஷினில் கையுறை போடக் கூடாது, கைலி நுனியும் தோள்துண்டும் சுழலும் தண்டின் பக்கம் போகக் கூடாது என்பதெல்லாம் அனுபவம் தரும் அறிவு. ஆனால் வட்டுக்குள் இருக்கும் மயிரிழை விரிசலை எந்த அனுபவமும் பார்த்ததில்லை. முப்பது வருஷம் தப்பியவர்தான் சாட்சி சொல்ல வருகிறார். தப்பாதவர் தொழிலை விட்டுப் போயிருப்பார். கண்ணுக்குத் தெரியும் ஆபத்துக்கு அனுபவம் போதும், தெரியாததற்கு மூடியும் கண்ணாடியும் வேண்டும். தூசியும் தெரியாத வகையைச் சேர்ந்தது. கிரானைட்டை உலர்வாக அறுத்தால் எழும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கி மீளாத சிலிக்கோசிஸ் நோயைத் தரும். துணியை முகத்தில் கட்டுவதால் பயனில்லை, தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் சேரக்கூடாத இடத்தில் வேறு விசையைத் தேடுவதே அறிவு. அதைச் சமவெளி விவசாயம் எப்போதோ செய்துவிட்டது. பாறைக் கிணற்றை ஆழப்படுத்த வருவது டிராக்டரில் ஏற்றிய கம்ப்ரசர் வண்டி. இயந்திரம் கரையில் நிற்கும்; ஊற்று நீரில் நிற்பவர் கையில் ரப்பர் குழாய் வழியாக வரும் காற்று மட்டும். பாறைத் தூசியும் வெடிமருந்தும் வேறு ஆபத்துகள், ஆனால் அந்தக் கருவியால் கரண்ட் அடிக்காது. அங்கே ஆட்களின் கவனம் கூடிவிடவில்லை, விசைதான் மாறியிருக்கிறது.

பேட்டரிக் கருவி வந்துவிட்டதே, பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். ஒயரில்லாத டிரில்லை 1961-லேயே பிளாக் அண்டு டெக்கர் விற்றது. லித்தியம் பேட்டரி வந்த பிறகே அது பட்டறைக்கு ஏற்றதாயிற்று. ‘20 வோல்ட்’ என்று விற்பதும் ‘18 வோல்ட்’ என்று விற்பதும் அதே ஐந்து செல்கள்தான். முழுச் சார்ஜில் அளப்பது ஒன்று, சராசரியில் அளப்பது மற்றொன்று. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி. 700 வாட் இழுக்கும் கிரைண்டர் அதை ஆறே நிமிடத்தில் குடித்துவிடும். பீரோவுக்கு ஸ்க்ரூ முடுக்கவும், கரண்ட் இல்லாத தோட்டத்தில் துளை போடவும் அது அருமை. நாள் முழுக்கத் தேய்க்கும் வேலைக்கு ஆகாது. கோடையில் தகரக் கூரையின் கீழ் 45 டிகிரியைத் தாண்டும் சூட்டில் சார்ஜ் செய்யவும் கூடாது. மின்னதிர்ச்சி அபாயம் போனாலும் வட்டு அதே வேகத்தில்தான் சுழல்கிறது.

சட்டம் இங்கே அதிகம் உதவவில்லை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேரும், விசை இல்லாத இடத்தில் 20 பேரும் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. விசை வந்தால் ஆபத்து கூடும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்களை 20, 40 என இரட்டிப்பாக்கியது. நாலு பேர் வேலை செய்யும் பூட்டுப் பட்டறை பழைய கணக்கிலும் வெளியே, புதிய கணக்கிலும் வெளியே. ஆய்வாளர் வரமாட்டார் என்றால் உரிமையாளரும் கூட்டுறவுச் சங்கமும்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

சிறு பட்டறைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. பட்டறை முழுவதற்கும் ஒரு ஆர்.சி.சி.பி. போதும், அதன் விலை ஒரு சாதாரண கிரைண்டரின் விலையை ஒட்டித்தான் வரும். கருகும் ஆர்மேச்சர்களின் செலவைத் தடித்த ஒயர் மிச்சப்படுத்தும். மூடி மெஷினோடு இலவசமாக வந்தது, பெட்டியில்தான் கிடக்கிறது. ஆகவே அடுத்த மெஷின் வாங்கும் பணத்தில் முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள்.