உள்ளே இடமுள்ள பளிங்குகள்

கணக்குப் பார்க்கிறவருக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 2025 ஒக்ரோபரில் இரசாயன நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அகதிக் குடும்பத்துப் பிள்ளை என்று அறிந்தபிறகு தேடிப் படித்தது இது.

கதை மெல்பேர்ணில் தொடங்குகிறது. 1974இல் அங்கே விரிவுரையாளராக இருந்த றிச்சர்ட் றொப்சன், மாணவருக்குக் காட்ட மர உருண்டைகளை அணுக்களாக வைத்து மாதிரிகள் செய்தார். உருண்டைகளில் எங்கே துளை போடவேண்டும் என்று பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தபோது ஒன்று பிடிபட்டது. துளை இருக்கும் இடமே முழு வடிவத்தையும் தீர்மானிக்கிறது. மூலக்கூறுகளையும் இப்படிக் கோக்கலாமே? யோசனை பத்து வருடத்துக்கு மேல் கிடந்தது. 1989இல் செப்பு அயன்களையும் நான்கு கை கொண்ட சேதன மூலக்கூறையும் இணைத்து, வைரத்தின் அமைப்பில் ஒரு பளிங்கு செய்தார். வைரம் இறுக்கமானது; இதற்குள் அறை அறையாக வெற்றிடம். ஆனால் எளிதில் குலைந்தது. பயனில்லை என்றார்கள் பலர்.

யப்பானில் சுசுமு கிற்றகாவாவுக்கும் அதே பதில்தான். வாயுவை உறிஞ்ச சியோலைற்று இருக்கிறதே, இது எதற்கு என்று நிதி மறுத்தார்கள். (அந்த மேசையில் நான் இருந்தாலும் கையெழுத்து வைத்திருக்கமாட்டேன்.) 1997இல் அவருடைய சட்டகத்துக்குள் மெதேனும் நைதரசனும் ஒட்சிசனும் போய்வந்தன, சட்டகம் குலையவில்லை.

மூன்றாமவர் ஓமர் யாகி. 1965இல் ஜோர்தானின் அம்மானில் பலஸ்தீன அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மின்சாரமில்லாத ஒற்றை அறை, அதிலே மாடுகளும். பத்து வயதில், பூட்டிக் கிடக்கும் பாடசாலை நூலகத்துக்குள் களவாய் நுழைந்து எடுத்த புத்தகத்தில்தான் மூலக்கூறுப் படங்களை முதன்முதலில் பார்த்தார். பதினைந்து வயதில் தகப்பன் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கடையில் சாமான் பையிலிட்டும் தரை துடைத்தும் படித்தார். நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்த வேலை!

'உலோக-சேதனச் சட்டகம்' என்ற பெயரை 1995இல் வைத்தவர் அவரே. 1999இல் செய்த எம்.ஓ.எஃப்-5, வெறுமையாக 300 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினாலும் குலையாது. சில கிராமுக்குள் ஒரு உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்பு. வாயு அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். 2002, 2003 ஆண்டுகளில் அதன் இணைப்புத் தடிகளை மாற்றி மாற்றி 16 வகை காட்டினார். ஒன்று மெதேனைப் பெருமளவில் சேமித்தது. எந்த வாயு வேண்டுமோ அதற்கேற்ற அறை கட்டலாம் என்ற இந்த வசதிதான் சியோலைற்றில் அவ்வளவாக இல்லாதது. கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தில் பிறந்த கல்ஃப்-20 நாகத்தால் ஆனது. ஈரப் புகைக்குள்ளும் காபனீரொட்சைட்டைத் தெரிந்து பிடிக்கிறது. சீமெந்து ஆலைப் புகையில் சோதித்தார்கள்.

யாகி குழுவினர் 2018இல் இன்னொன்றும் வெளியிட்டார்கள். அரிசோனாப் பாலைவனத்தில் இரவுக் காற்றின் ஈரத்தைச் சட்டகம் உறிஞ்சியது. பகல் வெயிலில் அது தண்ணீராய்ச் சொட்டியது. அம்மானில் எப்போதாவது சில மணித்தியாலம் வரும் தண்ணீரைப் பிடித்துவைக்க விடியமுன் எழும்பிய பையன் அவர்.